சாப்பிடாதவங்க யாராச்சும் இருக்கீங்களா?

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு ஒரத்தநாடு என்பது வண்டி கொஞ்ச நேரம் நிற்கிற ஊர். வேர்க்கடலைப் பொட்டலம் விற்பவர் ஏறி இறங்குவார், கண்டக்டர் டீ குடித்துவிட்டு வருவார், வண்டி கிளம்பிவிடும். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரனான எனக்கும் வெகுகாலம் அது அவ்வளவுதான். அங்கே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்ற வைத்தது ஒரு கடிதம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801ஆம் ஆண்டு ஆங்கிலேய ரெசிடெண்ட், அதாவது தஞ்சையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதி, பெஞ்சமின் டோரினுக்கு எழுதியது.

அந்தச் சமயத்தில் சரபோஜியின் கையில் பெரிதாக எதுவும் இல்லை. 1799 ஒப்பந்தத்தோடு நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போய்விட்டது. கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்ச இடமும்தான் அவருக்கு மிச்சம். வரி, வழக்கு, படை எல்லாம் கைமாறிய பிறகு ஒரு ராஜா எதைக் கேட்டு மன்றாடுவார்? சரபோஜி கேட்டது சத்திரங்களை. ராமேஸ்வரம் போகிற சாலை நெடுக என் முன்னோர் வைத்த சத்திரங்கள் என் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்கிறார். ஏன் கேட்கிறார் என்று அந்த வெள்ளைக்காரருக்குப் புரிய வேண்டுமே, அதற்காக ஒரு சத்திரத்துக்குள் என்னென்ன நடக்கிறது என்று விளக்குகிறார்.

பிராமணர் முதல் பறையர் வரை எந்த வழிப்போக்கர் வந்தாலும் சோறு உண்டு. ஜோகி, ஜங்கமர், பைராகி என்று எந்தத் துறவிக் கோலத்தில் வந்தாலும் உண்டு. சமைத்த சோற்றைத் தொடாத ஆசாரக்காரர்களுக்கு அரிசியும் மளிகைச் சாமானும் தனியாகக் கொடுத்துவிடுவார்கள், அவர்கள் பொங்கிக்கொள்ளலாம். இது நடுச்சாமம் வரை நடக்கும். அப்புறம் ஒரு மணி அடிப்பார்கள். இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வந்து சாப்பிடுங்கள் என்று உரக்கக் கூவுவார்கள்.

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பசித்து வந்தவனுக்குச் சோறு போட்ட கதைகள் நம்மிடம் ஏராளம். இங்கே வந்தவர்களுக்கெல்லாம் போட்டு முடித்துவிட்டு, வராமல் இருப்பவனைத் தேடுகிறார்கள். கேட்கக் கூச்சப்பட்டுத் திண்ணை மூலையில் துண்டை விரித்துப் படுத்துவிட்டவன் ஒருவன் இருப்பான் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். ஊரே தூங்கின பிறகு வந்து சேர்ந்தவன் இருப்பான் என்று யோசித்திருக்கிறார்கள். யோசித்ததோடு விடாமல் அதை விதியாக்கி, ஒரு மணியும் அதை அடிக்க ஓர் ஆளும் வைத்திருக்கிறார்கள்.

சமையற்கட்டுப் பக்கம் நின்று பார்த்தால் இந்த மணி லேசான காரியமில்லை. நடுச்சாமத்தில் ஒருவன் எழுந்து வந்தால் அவனுக்குப் போடச் சோறு மிச்சம் இருக்க வேண்டும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாமலேதான் அன்றன்றைக்கு உலை வைத்தாக வேண்டும். மாசிமகத்துக்கு முந்தின நாளும் அடைமழை நாளும் ஒரே கணக்காக இருக்குமா? உக்கிராணம் என்கிற சாமான் அறையிலிருந்து அளந்து கொடுக்கிறவர் கையை இறுக்கினால் மணி அடிக்கும்போது பானை காலி. தாராளமாக விட்டால் மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை கேள்வி கேட்பார். பரிசாரகர் பாதி ராத்திரி வரை தூங்க முடியாது, அடுப்பில் கங்கு இருக்க வேண்டும், இலை இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும். இதையெல்லாம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஆட்களைக் கொண்டு, வருஷம் முழுக்க, ஓர் ஊரில் மட்டுமில்லாமல் சாலை நெடுகிலும் நடத்தியிருக்கிறார்கள்.

கடிதம் சோற்றோடு நிற்கவில்லை. மழை பிடித்துக்கொண்டு பயணத்தைத் தொடர முடியாமல் போனால், எத்தனை நாள் தங்கினாலும் சாப்பாடு உண்டு. ஒவ்வொரு சத்திரத்திலும் நான்கு வேதத்துக்கும் ஆசிரியர், ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர், அப்புறம் வைத்தியர். வைத்தியர் என்றால் சும்மா இல்லை, நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியம் தெரிந்தவர். நடந்து நடந்து வீங்கிப்போன கால்களோடுதானே எல்லோரும் வந்திருப்பார்கள். இருட்டில் வயல் வரப்பில் வந்தவனைப் பாம்பு தீண்டியிருக்கும். வழியில் என்ன நடக்கும் என்று தெரிந்த யாரோ எழுதிய பட்டியல் அது.

வழியிலேயே பெற்றோரை இழந்த பிள்ளைகள் உபாத்தியாயர் பொறுப்பில் விடப்படுவார்கள். மூன்று வேளை சாப்பாடு, துணிமணி, வேண்டியபோது மருந்து, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்த்துக் குளியல். அந்தப் பிள்ளை எதைப் படிக்க ஆசைப்படுகிறதோ அதைச் சொல்லிக்கொடுத்து, படித்து முடித்ததும் கல்யாணச் செலவையும் சத்திரமே ஏற்கும். நிறைமாதப் பெண் வந்து அங்கேயே பிரசவமானால் செலவு சத்திரத்தினுடையது. மருந்து கொடுத்து மூன்று மாதம் வரை தங்க விடுவார்கள். குழந்தைகளுக்குப் பால் உண்டு. சத்திரத்திலேயே உயிர் போய்விட்டால் அவரவர் வழக்கப்படி காரியம் செய்து எடுத்துவிடுவார்கள்.

சின்ன வயதில் முப்பத்திரண்டு அறங்கள் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்திருக்கிறேன். காஞ்சி காமாட்சி இருநாழி நெல்லைக் கொண்டு முப்பத்திரண்டு அறமும் வளர்த்தாள் என்று பாட்டி சொல்லுவார். திருவையாற்றில் அம்மன் பெயரே அறம்வளர்த்த நாயகி. ஆனால் அந்தப் பட்டியல் எனக்குப் பிடிபட்டதே கிடையாது. தலைக்கு எண்ணெய் கொடுப்பது ஓர் அறமா? மகப்பெறுவித்தல், மகப்பால் வார்த்தல், நோய் மருந்து, அறவைப் பிணஞ்சுடுதல் (அறவை என்றால் ஆதரவற்றவர்), அறவைச் சோறு, கன்னிகாதானம் என்று கலைந்து கிடக்கிற சாமான்போல ஏன் வரிசை இல்லாமல் இருக்கிறது? சரபோஜியின் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் குழப்பம் தீர்ந்தது. இது ஒரு சத்திரத்தின் வேலைப் பட்டியல். புலவர்கள் உட்கார்ந்து உயர்வாக யோசித்ததாகத் தெரியவில்லை. வழியில் விழுந்து கிடந்த மனிதர்களைப் பார்த்து, இவனுக்கு என்ன வேண்டும், இவளுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்த மாதிரி இருக்கிறது. இது என் ஊகம்தான், பண்டிதர்கள் சண்டைக்கு வரட்டும்.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில நிற்கின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். உயரம் ஓர் ஆளின் நெஞ்சளவு. தலைச்சுமையோடு தனியாக வருகிறவர் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல், சுமையை அப்படியே அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். கிளம்பும்போதும் அதே மாதிரி தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமல் வயிற்றோடு செத்துப்போன பெண்ணின் நினைவாக வைப்பது அந்தக் கல். எங்கள் ஊர் எல்லையில் இருப்பதன்மேல் இப்போது பிளாட் விற்பனைக்கு என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். செத்தவளுக்குக் கல் வைக்கிற அதே சாலையில்தான், பெற்றுப் பிழைத்தவளை மூன்று மாதம் வைத்துப் பார்க்கிற சத்திரமும் இருந்திருக்கிறது. மூன்று மாதம் என்பது எவ்வளவு நாள் என்று பிள்ளை பெற்றவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

சரி, இத்தனையும் எதற்காக இந்தச் சாலையில்? காசிக்குப் போய்க் கங்கை நீரைச் சுமந்து வந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்ய வேண்டும், சேதுவின் மணலை எடுத்துப்போய்க் கங்கையில் போட வேண்டும் என்பது வழக்கம். வடக்கிலிருந்து வருகிற கோசாயிகளும் பைராகிகளும் சோழநாட்டைக் கடந்துதான் சேதுவுக்குப் போக வேண்டும். சரபோஜியின் குலத்தாரான மராத்தியர்கள் தஞ்சையில் ஆண்ட காலத்தில் அந்த வழியில் சத்திரங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு அரசகுலப் பெண்களின் பெயர். நீடாமங்கலத்தில் மன்னர் பிரதாபசிம்மரின் ராணி யமுனாம்பாள் பெயரில் ஒன்று. ஒரத்தநாட்டில் சரபோஜியின் அன்புக்குரிய முக்தாம்பாள் பெயரில் ஒன்று. தெற்கே போனால் ராஜாமடம், சேதுபாவாசத்திரம், மணமேல்குடி என்று கடலோரமாக வரிசை நீளும். அந்த ராஜாமடத்தில் பிறந்தவர்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆர். வெங்கட்ராமன். சேதுபாவாசத்திரத்துக்குப் பக்கத்தில், நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட சரபோஜி கட்டிய மனோரா கோபுரம் நிற்கிறது. விடுமுறை நாளில் மனோராவுக்கு வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் தாண்டி வருகிற ஊரின் பெயரில் ஒரு சத்திரம் ஒட்டிக்கொண்டிருப்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. அதைச் சொன்னால் ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம், சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம் என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டே போகலாம். ராஜாக்கள் மட்டும் வைத்ததில்லை, கையில் காசு இருந்த வணிகரும் வைத்திருக்கிறார்கள்.

முக்தாம்பாள் இளம் வயதிலேயே இறந்துபோனாராம். தன் பெயரில் ஒரு சத்திரம் வைக்க வேண்டும் என்று கடைசியாகக் கேட்டுக்கொண்டாராம். ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். சத்திரம் எழுந்தது 1802இல். ஒரத்தநாட்டுக்கே முக்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர் இருந்தது. கடிதம் எழுதிய அடுத்த வருஷமே, கஜானாவில் கம்பெனி கொடுக்கிற பங்கைத் தவிர வேறு வருமானம் இல்லாத ஒருவர், இவ்வளவு பெரிதாக ஒன்றைக் கட்டியிருக்கிறார் என்பது நேரில் போய் நின்றபோதுதான் உறைத்தது.

கட்டடத்தின் ஒரு பக்கத்தைத் தேர் மாதிரியே அமைத்திருக்கிறார்கள். குதிரைகளும் யானைகளும் முன்னால் இழுக்க, சத்திரமே சாலையில் நகர்ந்து வருவதுபோல ஒரு தோற்றம். வேலைப்பாடு கோயில் சிற்பம் அளவுக்கு நுணுக்கமில்லை, காலம் வேறு கொஞ்சம் தின்றுவிட்டது. ஆனாலும் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. நடந்து களைத்து வருகிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது தேர். உள்ளே முற்றங்கள், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், மரத்தூண்கள், மாடி. சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடங்களில் சன்னமான பழைய செங்கல் தெரிகிறது. தூண்களை முதுகு உயரத்தில் தொட்டுப் பார்த்தால் வழவழவென்று இருக்கின்றன. இருநூறு வருஷமாக யார் யாரோ சாய்ந்து உட்கார்ந்த வழவழப்பு. சிற்பத்தைவிட நான் அதிக நேரம் செலவழித்தது அந்தத் தூண்களோடுதான்.

வெளியே டீக்கடையில் ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரப் பாக்கணும் தம்பி?”

“யாரையும் இல்லைங்கய்யா. சத்திரத்தைப் பாக்க வந்தேன்.”

“அதுல பாக்க என்ன இருக்கு? நான் அதுலதான படிச்சேன்.”

ராஜா காலத்துக்குப் பிறகு சத்திரம் பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் ஆகிவிட்டது. அவர் விடுதியில் தங்கிப் படித்தவர். எந்த ஊர் என்று கேட்டு, எங்கள் ஊரில் அவருக்குத் தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்களை விசாரித்துவிட்டு, அப்புறம்தான் பேச ஆரம்பித்தார். மழை பெய்தால் முற்றத்தில் தண்ணீரே நிற்காதாம். “எங்க போவுதுன்னே தெரியாது தம்பி. நாங்க காகிதக் கப்பல் வுடுவோம், அது ஒரு ஓட்டைக்குள்ள போயிரும். எந்தப் பக்கம் வருதுன்னு ஓடிப்போய்ப் பாப்போம். வராது.” சாப்பாடு எப்படி என்று கேட்டேன். சாம்பார் தண்ணீராக இருக்கும் என்றார். “ஆனா சோறு ரெண்டாந்தடவை கேட்டா இல்லைன்னு சொன்னதில்ல. வீட்டுல சொல்லிருக்காங்க, அங்க சொன்னதில்ல.” காசு கொடுக்க விடாமல் என் டீக்கும் அவரே கொடுத்தார். மறுத்தால் கோபித்துக்கொள்வார் என்று முகத்திலேயே தெரிந்தது.

எல்லாச் சத்திரமும் இப்படி நடந்தது என்று நான் நினைக்கவில்லை. நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவர் வைத்த சத்திரத்தைப் பற்றிக் காளமேகம் பாடிய வெண்பா பள்ளியில் படித்தவர்களுக்கு மறந்திருக்காது. பொழுது சாயும்போதுதான் அங்கே அரிசி வந்து சேருமாம். குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடுமாம். இலையில் ஓர் அகப்பை சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடுமாம். காத்தான் வருந்தியதும் அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாக வேறு பொருள் சொல்லிச் சமாளித்தார் என்பது கதை. அந்தச் சமாளிப்பை நான் நம்புவதாக இல்லை. பசியோடு காத்திருந்தவன்தான் அப்படி மணிக்கணக்காகச் சொல்ல முடியும். தானம் கொடுக்கிறவரின் மனசு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அரிசி நேரத்துக்கு வராவிட்டால் ஒன்றுமில்லை. கடிதத்தில் வருகிற நடுச்சாம மணியை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதற்கு இந்த வெண்பாவும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. பிராமணர் முதல் பறையர் வரை என்று கடிதம் சொல்கிறது. எல்லோருக்கும் சோறு கிடைத்திருக்கலாம். எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று அது சொல்லவில்லை. யார் உள்ளே, யார் தாழ்வாரத்தில், யார் வாசலுக்கு வெளியே என்பதெல்லாம் அந்தக் காலத்து வழக்கப்படிதான் நடந்திருக்கும். வேத ஆசிரியருக்கு நியமனம் இருந்த இடத்தில் அந்த வேதத்தை யார் காதில் கேட்கலாம் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. 1904வாக்கில் காசிக்குப் போன பெரியாரின் அனுபவம் பிரபலமானது. பசியோடு ஒரு சத்திரத்துக்குள் நுழையப் பார்த்தபோது, பிராமணர்களுக்கு மட்டும்தான் என்று வெளியே தள்ளினார்கள். தெருவில் விழுந்த எச்சில் இலையில் இருந்ததைச் சாப்பிட வேண்டியதாயிற்று. சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அதைக் கட்டியவர் தென்னாட்டைச் சேர்ந்த, பிராமணரல்லாத ஒரு வணிகர் என்று சுவரிலேயே எழுதியிருந்தது. கட்டியவனைப் போலப் பிராமணரல்லாதவனுக்கே உள்ளே இடமில்லை. சத்திரங்களின் பெருமை பேசும்போது அந்த இலையையும் சேர்த்தே பேச வேண்டும்.

தஞ்சைச் சத்திரங்களில் அந்தக் கதவு கொஞ்சம் தாமதமாகத் திறந்தது, திறந்தவர்கள் பெயரும் தெரியும். 1855இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்ததும் ராஜ்யம் போயிற்று. சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் சர்க்கார் கைக்கும், பிறகு ஜில்லா போர்டு கைக்கும் வந்தன. திருவையாற்றில் காவிரிக் கரையிலிருக்கும் சத்திரத்தில் 1881இல் ஒரு சமஸ்கிருதக் கல்லூரி வந்தது. சத்திரத்துப் பணத்தில் நடந்த படிப்பும் சாப்பாடும் பெரும்பாலும் ஒரு சாதிப் பிள்ளைகளுக்கே போய்க்கொண்டிருந்தன. 1920களில் நீதிக்கட்சித் தலைவர் ஏ.டி. பன்னீர்செல்வம் ஜில்லா போர்டுக்குத் தலைவராக வந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் உமாமகேசுவரன் பிள்ளை கூட நின்றார். இந்த அறக்கட்டளை எல்லோருக்குமானது என்று வாதாடி, திருவையாற்றுக் கல்லூரியில் தமிழைக் கொண்டுவந்து அதை அரசர் கல்லூரி ஆக்கினார்கள். ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகளில் மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. டீக்கடைப் பெரியவர் அங்கே தங்கிப் படிக்க முடிந்ததற்கு முக்தாம்பாள் பாதிக் காரணம் என்றால் பன்னீர்செல்வம் மீதிப் பாதி. அவரிடம் இதைச் சொன்னேன். “ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும்” என்றார். இருவரும் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

சத்திரங்களை முடித்துவைத்தது ரயில். மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902இல் தண்டவாளம் போட்டார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் காசியில் ஏறினவர் கால் நோகாமல் ராமேஸ்வரத்தில் இறங்கலாம் என்றாயிற்று. நடந்து வருகிறவர்கள் இல்லாதபோது பத்து மைலுக்கு ஒரு சத்திரம் எதற்கு? கூடவே காசுக்குச் சோறு விற்கிற கடைகளும் வந்துவிட்டன. சோற்றை விற்பதா என்று முகம் சுளித்த தலைமுறைக்குப் பேரன்கள், முனியாண்டி விலாஸில் எக்ஸ்ட்ரா சோறு இலவசமா என்று கேட்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இதில் எனக்குப் புகார் ஒன்றுமில்லை. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனை எந்தப் பந்தி என்று யாரும் கேட்பதில்லை என்பது சின்ன விஷயமா?

ஆனால் பழக்கம் என்பது கட்டடத்தை விட்டுவிட்டும் உயிரோடு இருக்கும்போல. 1930 ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். தஞ்சை கலெக்டர் தோர்ன், இவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஜெயில் என்று அறிவித்தார். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தன் வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு ஆறு மாதம் சிறைக்குப் போனார். மற்ற ஊர்களில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். யார் கொடுத்தது என்று போலீஸ் யாரைப் பிடிக்கும்? நீடாமங்கலமும் மன்னார்குடியும் அந்த வழியில்தான் இருக்கின்றன. வழிப்போக்கனுக்குச் சோறு போடாதே என்று தஞ்சை ஜில்லாக்காரனிடம் வந்து சொல்வதற்கு அந்தக் கலெக்டர் ஊரைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

இந்த வழக்கத்தின் இன்னொரு கிளை வடலூரில் இருக்கிறது. 1867 மே 23ஆம் தேதி வள்ளலார் அங்கே தருமசாலை தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தைக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இருபத்தொரு அடி நீளத்துக்குக் கோட்டை அடுப்பு, ஆட்கள் மாறி மாறிச் சோறு வடிக்கிறார்கள். அங்கே போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். யாரும் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. எனக்குப் பக்கத்தில் காவி கட்டியவர் ஒருவர், அவருக்கு அடுத்து ஐடி கம்பெனி அட்டையைக் கழுத்தில் போட்ட ஒரு பையன். ராஜாவின் சத்திரத்தால் முடியாத ஒன்றை, ராஜா இல்லாத இந்தத் தருமசாலை முதல் நாளிலிருந்தே செய்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே பந்தி. அதே சமயம் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் நிரந்தரமாக நிலம் ஒதுக்குவது ராஜாவால்தான் முடிந்தது. இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்டால் வடலூர் பக்கம்தான் சாய்வேன்.

ஒரத்தநாட்டுச் சத்திரத்தைப் பழுதுபார்க்க வேண்டும், பாரம்பரியச் சின்னமாக்க வேண்டும் என்று அவ்வப்போது பேச்சு அடிபடுகிறது. செய்யட்டும், நல்லதுதான். தேருக்கு வண்ணம் அடித்து, விளக்குப் போட்டு, நுழைவுச்சீட்டு வைப்பார்கள். அதோடு ஒரு காரியம் செய்தால் எனக்குத் திருப்தியாக இருக்கும். சரபோஜியின் கடிதத்தில் சத்திரத்தைப் பற்றி வருகிற பகுதியைத் தமிழில் ஒரு கல்லில் வெட்டி வாசலில் வைக்கலாம். நடுச்சாம மணி, நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய், மூன்று மாதம், பால் எல்லாம் இருக்கட்டும். பக்கத்திலேயே எந்த வருஷம் எந்தச் சாதிப் பிள்ளைகள் உள்ளே விடப்பட்டார்கள் என்பதும் இருக்கட்டும். கல்வெட்டுக்குச் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது, நம் ஊரில் நீர்த்தேக்கத் தொட்டி திறப்புக்குக்கூடக் கல்வெட்டு வைக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற பேருந்து எதில் ஏறினாலும் ஒரத்தநாடு வரும். இறங்கிச் சத்திரம் என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். மழைக்காலத்தில் போனால் பெரியவர் சொன்ன அந்த ஓட்டையைத் தேடிப் பாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கும் தெரிய வேண்டும். உள்ளே விட அனுமதி கேட்க வேண்டியிருக்கும். மதிய வேளை என்றால் வெளியே சாப்பிட்டுவிட்டே போங்கள்.